குறுக்கே பேசாத நல்லமுத்து அண்ணன்

சேலத்திலிருந்து நாமக்கல் திரும்பும் வழியில், மல்லூரைத் தாண்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். நல்லமுத்து அண்ணன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஓரமாக நிறுத்தி எடுத்து, "சொல்லுங்கண்ணா, பஸ் ஏறிட்டீங்களா?" என்றேன். வேறு குரல் பேசியது. "அம்மா, நான் ஆட்டோக்காரன் பேசறேன். இந்த போன்ல கடைசியா 'அம்மிணி'ன்னு இருந்துச்சு, அதான் கூப்பிட்டேன். ஐயாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்தேன். நீங்க கொஞ்சம் திரும்பி வரணுங்க." என்ன ஏது என்று கேட்டதற்கு, "வாங்கம்மா, வந்துருங்க" என்பதற்கு மேல் அந்த மனிதர் எதுவும் சொல்லவில்லை. அந்தக் குரலிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. வண்டியைத் திருப்ப அடுத்த பிரிவு எங்கே வரும் என்று தேடிக்கொண்டே, வாய்விட்டு அண்ணனைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

போனபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்றார் டாக்டர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் "கொஞ்சம் முன்னாடி" எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் எதிரே ஒரு பெரிய மனிதர் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டோக்காரர் போகாமல் நின்றிருந்தார். சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் அண்ணன் நெஞ்சைப் பிடித்தபடிதான் ஏறினாராம். முன்னால் சரக்கு வண்டி, பின்னால் டவுன் பஸ். இவர் ஹாரனை அழுத்தியபடி நெருக்கியிருக்கிறார். "வேண்டாங்க, அவங்களும் பொழைப்பைத்தான பாக்கறாங்க, மெதுவாவே போங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு சொன்னாருங்க. நான் சாதாரண வாயுப் பிடிப்புன்னு நெனச்சுட்டேன்மா" என்று சொல்லி அழுதார். முன்பின் பார்த்திராத ஆட்டோக்காரர் அழுகிறார், எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. சாகப் போகிற நேரத்திலும் அடுத்தவர் சிரமத்தைப் பார்ப்பாரா ஒரு மனுசன்!

அன்றிலிருந்து குட்டி போட்ட பூனை மாதிரி பட்டறைக்கும் ஆபீசுக்கும் அலைந்துகொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது. ஒரே கேள்விதான். ஏன் அவர் வாயைத் திறக்கவில்லை?

நம் பட்டறைக்காரர் சங்கத்தின் நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதக் கேட்டீர்கள். அவரை நேரில் அறியாத இளையவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். நானும் அவரும் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றின் பங்குதாரர்கள். கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸாக, அடிச்சட்டமும் எஞ்சினுமாக வரும் வண்டிக்கு கேபினும் பின்கூடும் கட்டிக் கொடுப்பது எங்கள் தொழில். கணக்கும் கொள்முதலும் என் பொறுப்பு. வேலை கொடுக்கும் பார்ட்டிகளிடம் பேசுவது அவர் பொறுப்பு. நான் பேசினால் என்ன ஆகும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் என்னைவிடச் சில வயது மூத்தவர், என்னை 'அம்மிணி' என்பார். "அம்மிணி, நீ உள்ள போய் டீ குடி" என்றால், என் வாயை அவர் மூடுகிறார் என்று பொருள்.

அவர் இறந்த செய்தி நம் வாட்ஸாப் குழுவுக்கு வந்ததும் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். கைகூப்பும் பொம்மை வரிசையாக வந்தது. அதற்குக் கீழேயே ஒருவர் ரோஜாப்பூ போட்டு இனிய காலை வணக்கம் சொன்னார். அதற்கும் கீழே ஒருவர் இரும்புத் தகடு கையிருப்பில் இருக்கிறது என்றார். எழவு வீட்டுப் பந்தலில் ஒரு இளைஞர் சாந்தாமணி அக்காவின் தம்பியிடம் விசிட்டிங் கார்டை நீட்டினார். அண்ணன் மனைவிதான் சாந்தாமணி அக்கா. அவர் தம்பி ஈர வேட்டியோடு அந்தக் கார்டை வாங்கி எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார். அடி செருப்பால என்று வாய்வரை வந்தது. அண்ணன் இருந்திருந்தால் அந்தக் கார்டை இரண்டு கையாலும் வாங்கி, பேரை வாய்விட்டுப் படித்து, "எந்த ஊருங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டிருப்பார். அந்த இளைஞர் ஆயுசுக்கும் வெட்கப்பட்டிருப்பார். திட்டாமலே ஒருவரைத் திருத்தத் தெரிந்தவர் அவர். எனக்குத் திட்ட மட்டும்தான் தெரியும்.

எங்கள் பட்டறையில் அவர் வைத்திருந்த முறை ஒன்று உண்டு. கேட்டுக்குள் யார் வந்தாலும், எதற்கு வந்தீர்கள் என்று கேட்பதற்கு முன் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்க வேண்டும். பார்ட்டி, டிரைவர், வரி ஆபீசர், கோயில் நன்கொடைக்கு வந்தவர், வழி கேட்க வந்தவர், எல்லோருக்கும் ஒன்றுதான். "கேள்வி கேட்டுட்டுத் தண்ணி குடுத்தா, பதிலுக்குத் தகுந்த மாதிரிக் குடுக்கறோம்னு ஆயிரும் அம்மிணி" என்பார். ஒருமுறை எங்கள் மேல் புகார் கொடுத்துவிட்டு, அதன் நகலைக் கொடுக்க வந்த ஆளுக்கும் தண்ணீர் போனது. குடித்துவிட்டு அந்த ஆள் கொஞ்ச நேரம் நகலை எடுக்கவே கூச்சப்பட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மேச்சேரிக்காரர் வந்த கதையைச் சொல்கிறேன். லாரி வைத்திருப்பவர். வேறொரு பட்டறையில் பாடி பாதி கட்டிக்கொண்டிருக்கும்போதே சண்டை போட்டுக்கொண்டு, அரைகுறைக் கூட்டோடு வண்டியை ஓட்டி வந்து எங்கள் வாசலில் நிறுத்திவிட்டார். எங்களுக்கு அப்போது வேலை குறைவு. நடந்து வந்த வேலை! நான் அளவெடுக்க ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். அண்ணனோ அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவர் முன்னாலேயே அந்தப் பட்டறைக்காரருக்கு போன் போட்டார்.

"உங்க வண்டி நம்ம வாசல்ல நிக்குதுங்க. நீங்க பேசிக் கூட்டிக்கறீங்களா, இல்ல நாங்க எடுத்துக்கட்டுங்களா?"

எனக்கு எப்படி இருந்திருக்கும்! அந்தப் பட்டறைக்காரர் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். எங்கள் ஷெட்டில் நின்றே இரண்டு பேரும் கத்திக்கொண்டார்கள், பிறகு எங்கள் டீயைக் குடித்துச் சமாதானம் ஆனார்கள், பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்கள். "தட்டுல விழுந்த சோத்தை எடுத்து எதுத்த ஊட்டுக்குக் குடுத்துட்டீங்களேண்ணா" என்று நான் குதித்தேன். "பாதியில நிக்கறது அவரு கை வேலை அம்மிணி. அவருக்கு ஒரு வார்த்தை சொல்லாம நாம அதுல கை வெக்கக் கூடாது" என்றார். சரி, அந்தப் பட்டறைக்காரர் நன்றியோடு இருந்தாரா? மறு வருசமே எங்கள் பார்ட்டி ஒருவரை இழுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் அண்ணன் வழியில் பார்த்தால் முதலில் வணக்கம் வைப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இன்னும் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வீடியோ காலில் எழுந்து நின்றதையும் எழுதாவிட்டால் எங்கள் பட்டறை ஆட்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். வடக்கே உள்ள ஒரு கம்பெனி எங்களிடம் வேலை கொடுக்கலாமா என்று பேச வந்தது. கம்ப்யூட்டரில்தான் கூட்டம். அண்ணன் சலவைச் சட்டை போட்டு, திருநீறு வைத்து, கம்ப்யூட்டர் முன்னால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். முதலில் ஒரு பெண் பேசினார். நடுவே அவர்களுடைய பெரிய மேனேஜர் திரையில் வந்தார். வந்ததும் அண்ணன் சட்டென்று எழுந்து நின்று வணக்கம் வைத்தார். அந்தப் பக்கம் தெரிந்தது அவர் சட்டைப் பொத்தானும் வயிறும்தான். நான் சட்டையைப் பிடித்து இழுக்கிறேன், மனிதர் உட்காரவில்லை. "பெரியவங்க வந்திருக்காங்க, உக்காந்துட்டே இருந்தா என்ன நெனப்பாங்க?" என்று என்னிடம் கிசுகிசுக்கிறார். அந்த மேனேஜருக்கும் என்ன தோன்றியதோ, அவரும் எழுந்து நின்றுவிட்டார். இரண்டு வயிறுகள் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லிக்கொண்டன. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே கண்ணும் கலங்குகிறது. என்ன மனுசன்யா இவர்!

அடுத்தது வாழப்பாடி. அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

வாழப்பாடிக்காரர் ஒருவர் நல்ல நாள் குறித்து, அன்றைக்கு வண்டியை எடுத்துப் பூசை போட்டு முதல் லோடு ஏற்றுவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார். எங்களுக்குப் பலகை வந்து சேரவில்லை. நாள் தள்ளிப்போகும் என்று ஆகிவிட்டது. "போன்ல சொல்லிருங்கண்ணா, திட்டினா கட் பண்ணிக்கலாம்" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறக் கிளம்பினார். "நல்ல சேதிய போன்ல சொல்லலாம் அம்மிணி. கெட்ட சேதிய நேர்ல போய்த்தான் சொல்லோணும். திட்டறதுக்கு அவருக்கு ஒரு மொகம் வேணுமில்ல?"

பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பினார். "என்ன சொன்னார்?" என்றேன். "நல்லாத் திட்டினாரு. எங்கப்பனைத் திட்டினாரு, பட்டறையைத் திட்டினாரு, உன்னையும் ஒரு தாட்டி திட்டினாரு. நான் உக்காந்து கேட்டுட்டு இருந்தேன். அப்புறம் சாப்பிடச் சொன்னாரு. சாப்பிட்டேன்." "வெட்கமில்லாம சாப்பிட்டு வந்தீங்களா?" "சாப்பிடாம வந்தா அவரு திட்டினது அவருக்கே உறுத்துமே" என்றார். அந்த வாழப்பாடிக்காரர் இன்றும் எங்கள் பார்ட்டி. அண்ணனின் காரியத்துக்கு வந்து பந்திக் கடைசிவரை நின்று பரிமாறினார்.

கெட்ட சேதியை நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்த மனிதர், தன் கெட்ட சேதியை யாரிடம் போய்ச் சொன்னார்? திட்டுவதற்கு எனக்கு ஒரு முகம் வேண்டாமா? இதைக் கேட்டுக்கொண்டுதான் பட்டறையைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். வெல்டிங் ஆட்கள் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்கள்.

சேதி இருந்திருக்கிறது. இப்போது யோசித்தால் தெரிகிறது. சில நாட்களாக ஏணியில் ஏறிக் கேபின் பார்க்கும்போது நடுப்படியில் நிற்பார். கேட்டால் "வெய்யிலுங்க" என்பார். ஷெட்டுக்குள் ஏது வெய்யில் என்று நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன். சாந்தாமணி அக்கா காரியம் முடிந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஊட்டுலயும் வாயத் தொறக்கலையே சாமி. மத்தியானம் படுத்தா சொவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு நெஞ்சைத் தேய்ப்பாரு. ஏனுங்க, என்ன பண்ணுதுன்னு கேட்டா, ஒண்ணுமில்ல, கொசுங்கறாரு. எனக்கு மொழங்கால் வலின்னு தெனம் தைலம் தேய்ச்சு உட்டாரு. எனக்கு ஒரு வலி இருக்குதுன்னா இவருக்கு இருக்கக் கூடாதா?"

எனக்கு அதற்குப் பதில் தெரியும். அவர் வாயாலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். யாராவது பார்ட்டி, "மேலுக்கு எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "நல்லா இருக்கனுங்க, நீங்க?" என்று உடனே கேள்வியைத் திருப்பி விடுவார். ஜுரத்தோடு வந்த நாளிலும் அதே பதில்தான். நான் கடிந்துகொண்டால், "அவரு மரியாதைக்குக் கேட்டாரு அம்மிணி. நம்ம வலியை எடுத்து அடுத்தவங்க மேசை மேல வெக்கக் கூடாது" என்பார். கேட்கும்போது எவ்வளவு அழகாக இருந்தது! நான்கூட நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கடைசி நாளுக்கு வருகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டி வைத்திருக்கும் பெரிய முதலாளி ஒருவர் புதிதாகச் சில லாரிகள் எடுக்கிறார். எல்லாவற்றுக்கும் பாடி கட்டும் வேலையை ஒரே இடத்தில் கொடுக்க எங்களை வரச் சொல்லியிருந்தார். எங்கள் பட்டறைக்கு அது பெரிய வேலை. கிடைத்தால் அந்த வருசம் ஒரு ஆளையும் நிறுத்த வேண்டியதில்லை. நான்தான் காரை ஓட்டினேன். வழியெல்லாம் அண்ணன் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். மண்டி கீழே, ஆபீஸ் மாடியில். படி குறுகல், செங்குத்து. மேலே போய்ச் சேர்ந்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்கும் வாங்கியதால் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வெளியே பெஞ்சில் வெகுநேரம் காத்திருந்தோம். "உள்ள போய்க் கேக்கட்டுமா?" என்றேன். "கூப்பிடுவாங்க" என்றார்.

முதலாளி கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுந்து வந்து வரவேற்றார், காபி சொன்னார், வேலை விசயத்தைக் கால் மணியில் பேசி முடித்தார். அளவு, மரம், பெயிண்ட் எல்லாம் ஒத்துப்போனது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அத்தோடு எழுந்திருக்கலாம். அப்போதுதான் அவர் புது வீட்டுக்கு மார்பிள் வாங்க வடக்கே போன கதையை ஆரம்பித்தார். ரயிலில் போனது, ரொட்டி பிடிக்காதது, குவாரிக்காரன் ஏமாற்றப் பார்த்தது, இவர் மடக்கியது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. நான் குளிரில் முந்தானையை இழுத்துப் போர்த்தினேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் நெற்றியில் வேர்வை. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். "அண்ணா?" என்றேன் மெல்ல. ஒரு விரலால் என் ஃபைலைத் தொட்டார். பேசறவர் முடிக்கட்டும் என்று பொருள். காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார். கொடுத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்பது அவர் வழக்கம்.

முதலாளி ஓரிடத்தில் மூச்சு விட நிறுத்தினார். இப்போது கிளம்பலாம் என்று நான் கைப்பையை எடுத்தேன். அண்ணன் முன்னால் குனிந்து, "அப்புறம் என்னாச்சுங்க?" என்றார்.

அப்புறம் என்னாச்சுங்க! சொல்ல வந்ததை ஒருவர் முழுதாகச் சொல்லி முடிக்கும்படி விடுவதுதான் மரியாதை என்று நம்பியவர். நெஞ்சில் இடி விழுந்துகொண்டிருக்கிறது, மனிதர் கதைக்கு ஊம் கொட்டுகிறார். முதலாளிக்கு உற்சாகம் வந்து, கல்லை லாரியில் ஏற்றிய கதை முழுவதையும் சொன்னார். அண்ணன் முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுந்து, இரண்டு கையையும் கூப்பி, "நல்லதுங்க, உத்தரவு வாங்கிக்கறோமுங்க" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கீழே செருப்பு மாட்ட நேரமானது. "ஒரு மாதிரி இருக்கீங்களே" என்றேன். "ஒண்ணுமில்ல. நீ கெளம்பு அம்மிணி, உங்க நாத்தனார் பையனுக்கு இன்னிக்குச் சாயங்காலம் நிச்சயமில்ல? நேரத்துல போகலைன்னா கோவிச்சுக்குவாங்க. எனக்கு இங்க ஒருத்தரைப் பாக்கோணும். பஸ்ல வாரேன்" என்றார். செவ்வாய்ப்பேட்டையில் அவருக்குத் தெரிந்தவர் ஆயிரம் பேர். நானும் சரி என்று காரை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன், கையை ஆட்டினார். அவர் பார்க்க வேண்டிய ஒருத்தர் டாக்டர் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் வீட்டு விசேசம் கெட்டுவிடக் கூடாது என்று என்னை அனுப்பிவிட்டுத் தனியாக ஆட்டோ பிடித்திருக்கிறார். அதற்கு மேல் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

காரியம் முடிந்த சில நாளில் மண்டி முதலாளி எங்கள் பட்டறைக்கு வந்தார். வெளியூர் போயிருந்தாராம், சேதி பிந்தித்தான் தெரிந்ததாம். வண்டியிலிருந்து அவர் இறங்குவதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அந்த மார்பிளைத் தூக்கி அவர் தலையிலேயே போட வேண்டும் என்று இருந்தது. இருந்தாலும் உட்காரச் சொன்னேன்.

"உங்கண்ணன் மாதிரி மரியாதை தெரிஞ்ச மனுசனை நான் பார்த்ததில்லைம்மா" என்றார். "வேலை உங்களுக்குத்தான். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். எப்படிம்மா திடீர்னு? அன்னிக்கு என் முன்னாடி நல்லாத்தானே உக்காந்திருந்தாரு?"

"இல்லைங்க. வலியோடதான் உக்காந்திருந்தாரு."

"என் ஆபீஸ்லயா? அப்பவேவா? அடக் கடவுளே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா! வாசல்லயே என் கார் நின்னுச்சே. டாக்டர் எனக்குத் தெரிஞ்சவராச்சே. ஏம்மா சொல்லலை?"

"நீங்க பேசிட்டு இருந்தீங்க."

திட்டுவதற்காக நான் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தோடு தீர்ந்து போனது. அவர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசையைத் தடவினார். "கல்லுக் கதைம்மா அது" என்றார். "சும்மா பொழுது போகச் சொன்ன கல்லுக் கதை. நிறுத்துய்யான்னா நிறுத்தியிருப்பேனே." பிறகு துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு, அத்தனை ஆட்கள் பார்க்க அழுதார். பாவம், அவர் என்ன செய்வார்? அவரை வெறுக்க ஆசைப்பட்டேன், அதுவும் முடியவில்லை. வேலையை எடுத்துக்கொண்டோம். முதல் சேசிஸ் வந்து ஷெட்டில் நிற்கிறது.

நண்பர்களே, நினைவுக் கூட்டத்துக்கு அடித்திருக்கும் பேனரைப் பார்த்தேன். "பணிவின் சிகரம்" என்று போட்டிருக்கிறீர்கள். போடுங்கள், பொய் இல்லை. ஆனால் மேடையில் ஏறி, கடைசி மூச்சு வரை மரியாதை தவறாதவர் என்று யாராவது பேசினால், நான் கீழே இருந்து எழுந்து குறுக்கே பேசுவேன். இப்போதே சொல்லி வைக்கிறேன். அந்தக் கடைசி மூச்சு இன்னும் பல வருசம் இருந்திருக்க வேண்டிய மூச்சு. அதை மரியாதைக்குக் கொடுத்துவிட்டார் என்று பெருமைப்பட என்னால் ஆகாது. சாந்தாமணி அக்காவை எதிரே உட்கார வைத்துக்கொண்டு அதைப் பெருமையாகப் பேச உங்களாலும் ஆகாது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்பவை உண்டு. கேள்விக்கு முன் தண்ணீர், அது எங்கள் பட்டறையில் தொடரும். அடுத்தவர் கைவேலை வாசலுக்கு வந்தால் போன் போடுவேன், பல்லைக் கடித்துக்கொண்டாவது போடுவேன். கெட்ட சேதியை நேரில் போய்ச் சொல்வேன், திட்டினால் கேட்டுக்கொள்வேன், திருப்பித் திட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் ஒரு பார்ட்டி ஆபீசில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். பெரிய பார்ட்டி. நடுவில் எனக்கு இடது தோள் இழுத்தது. "ஒரு நிமிசம் பேச்சை நிறுத்துங்க, எனக்குத் தோள் வலிக்குது, டாக்டரைப் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் வாய் திறந்தது திறந்தபடி இருக்க எழுந்து வந்துவிட்டேன். வெறும் வாயுப் பிடிப்புதானாம். அந்த மனிதர் கோபித்துக்கொண்டு போய்விட்டார், இதுவரை போன் எடுக்கவில்லை.

அண்ணா, நீங்கள் பார்த்திருந்தால் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்திருப்பீர்கள். "என்ன அம்மிணி இப்படிப் பண்ணிட்டே" என்று என்னை உள்ளே டீ குடிக்க அனுப்பிவிட்டு, அவரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள். உயிரோடு இருந்து வெட்கப்பட்டிருக்கலாமே, அண்ணா.